யானையைக் கட்டித் தீனி போடலாமா?

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வீட்டுக்கு வந்ததும், உலக நடப்புகளையெல்லாம் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு நேரே வாகன விளம்பரங்களுக்குச் செல்லும் கண்கள் பல உண்டு. அங்கே, சின்னஞ்சிறு ஜப்பானியக் கார்களின் வரிசைக்கிடையே, 'மேர்சிடிஸ் பென்ஸ், நல்ல நிலை, ஒரே குடும்பத்தார் பாவித்தது' என்னும் மூன்று வரிகள் தென்பட்டுவிட்டால், குடும்பத் தலைவரின் தேநீர் ஆறிப்போவது நிச்சயம். விலையைப் பார்க்கிறார். பக்கத்திலே உள்ள சிறிய ஜப்பானியக் காரின் விலையையும் பார்க்கிறார். இரண்டுக்குமிடையே பெரும் வேற்றுமை இல்லாதிருக்கக் கண்டு, தமக்கு இதுவரை ஒருவரும் சொல்லாத இரகசியம் ஒன்றைத் தாமே கண்டுபிடித்துவிட்டதாக எண்ணிக் கொள்கிறார்.

அந்த விலை பொய்யன்று. ஆயினும் முழு உண்மையையும் அது சொல்லிவிடவில்லை. மோட்டார்க் காரின் விலை ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே போகும். அதன் உதிரிப்பாகங்களின் விலையோ அவ்வாறு இறங்குவதில்லை. புதிதாக வந்திறங்கிய நாளில் ஒரு கம்பனித் தலைவரோ வெளிநாட்டுத் தூதுவரோ மாத்திரம் வாங்கக்கூடியதாயிருந்த வண்டி, முப்பது ஆண்டுகளின் பின்னர் ஓர் ஆசிரியரின் கைக்கெட்டும் விலைக்கு வந்து சேருகிறது. எனினும் அதன் பிறேக்கும், அதிர்வு தாங்கியும், கியர்ப்பெட்டியும் தாம் இன்னமும் தூதுவரின் சேவகத்திலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கின்றன. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம்மவர் சொல்வதன் பொருள், அப்படிப்பட்ட கார் ஒன்றை ஓராண்டு வைத்திருந்தவருக்கு நன்கு விளங்கும். யானையை மலிவாக வாங்கலாம்; அது தின்னும் தீனி மலிவதில்லை.

இதனால் அந்த ஆசையே தவறென்று சொல்ல வரவில்லை. ஜேர்மனியர் ஒரு காலத்தில் இந்தக் கார்களைச் செய்த விதம் வியப்புக்குரியது. 1976 ஆம் ஆண்டு முதல் 1986 ஆம் ஆண்டு வரை உற்பத்தியான பென்ஸ் வகைக்கு டபிள்யூ 123 என்று பெயர். ஏறத்தாழ 27 இலட்சம் வண்டிகள் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தன. ஐரோப்பாவில் டாக்ஸியாக ஓடித் தேய்ந்தவை பின்னர் ஆபிரிக்காவுக்கும் மத்திய கிழக்குக்கும் கப்பலேறி அங்கே இரண்டாவது ஆயுளைத் தொடங்கின. அதன் பின்னோனாகிய டபிள்யூ 124, 1984 ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமாயிற்று. இத்தாலியிலே பிறந்து, 1975 ஆம் ஆண்டு முதல் 1999 ஆம் ஆண்டு வரை மேர்சிடிஸ் நிறுவனத்தின் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவரும், 2024 ஆம் ஆண்டிலே காலமானவருமாகிய புரூனோ சாக்கோவின் மேற்பார்வையில் உருவான வண்டி அது. நம் நாட்டு வீதிகளில் 'பழைய பென்ஸ்' என்று சுட்டப்படுவது பெரும்பாலும் இதுவே. முன் கண்ணாடியை ஒற்றைத் துடைப்பான் ஒன்றே எட்டி எட்டித் துடைக்கும் காட்சியைக் கண்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள். கதவைச் சாத்தும்போது எழும் ஓசை, வங்கியின் இரும்புப் பெட்டகம் மூடப்படும் ஓசையை ஒத்தது. அந்த ஓசைக்காகவே காரை வாங்கியவர்களும் உளர்.

பாவித்த பென்ஸ் ஒன்றை வாங்கியவர்களுள் உலகப் புகழ் பெற்றவர் ஒரு கிரேக்கர். தெசலோனிக்கி நகரில் டாக்ஸி ஓட்டிய கிரெகோரியொஸ் சஹினிடிஸ் என்பவர், 1976 ஆம் ஆண்டுத் தயாரிப்பான 240 டி டீசல் கார் ஒன்றை 1981 ஆம் ஆண்டிலே வாங்கினார். அப்பொழுதே அது 2,20,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. 2004 ஆம் ஆண்டில் அவர் அதனை நிறுவனத்திடம் கையளித்தபோது ஓட்டமானியின் கணக்கு 46 இலட்சம் கிலோமீற்றர். பூமியை நூறு தடவைக்கு மேல் சுற்றி வந்த தூரம்! இன்று அந்தக் கார் ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள மேர்சிடிஸ் நூதனசாலையில் இருக்கிறது. காரை விற்க வரும் தரகர்கள் இக்கதையை மிகுந்த உற்சாகத்தோடு சொல்வார்கள். அக்காலத்துள் அதன் எஞ்சின் பல தடவை கழற்றி மாற்றப்பட்டது என்பதை மாத்திரம் சொல்ல மறந்துவிடுவார்கள். அந்த வண்டி நெடுங்காலம் வாழ்ந்ததற்கு ஜேர்மன் இரும்பு எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் அந்தச் சாரதியின் ஸ்பானரும் ஆகும்.

எத்தனையாம் ஆண்டு வண்டியை வாங்குவது என்பதிலேதான் பலரும் வழுக்கி விழுகின்றனர். புதியதே நல்லது என்னும் பொதுவிதி இங்கே செல்லாது. 124 வகையில் 1990களின் முற்பகுதியில் வந்த சில வண்டிகளை எடுத்துக்கொள்வோம். சுற்றாடலுக்குக் கேடு செய்யாது காலப்போக்கில் தானே மக்கிப்போகும் உறையொன்றை எஞ்சினின் மின்வயர்களுக்கு இட்டார்கள். நல்ல நோக்கந்தான். ஆனால் அந்த உறை குப்பைமேட்டுக்குப் போகும்வரை காத்திருக்கவில்லை. எஞ்சினின் வெப்பத்திலேயே மக்கத் தொடங்கிற்று. தொட்டால் பிஸ்கோத்துப் போல நொறுங்கும். வயரோடு வயர் முட்டி, கார் காரணமின்றித் துடிக்கும், நிற்கும், மீண்டும் ஓடும். மெக்கானிக்கோ ஒன்றன்பின் ஒன்றாகப் பாகங்களை மாற்றிக்கொண்டிருப்பார். ஆகவே 1992 முதல் 1995 வரையான பெற்றோல் வண்டி ஒன்றைப் பார்க்கச் செல்பவர், மின்வயர்த் தொகுதி புதிதாக மாற்றப்பட்டதா என்பதை முதற் கேள்வியாகக் கேட்கவேண்டும். மாற்றப்பட்டதென்றால் பற்றுச்சீட்டைக் கேட்கவேண்டும்.

அடுத்து வந்த டபிள்யூ 210, உருண்டைக் கண்கள் நான்கு கொண்டது, 1995 இல் தொடங்கியது. ஓட்டத்தில் குறைவில்லை, ஆனால் கறள் பிடிப்பதில் பெயர் பெற்றது. கடற்காற்று வீசும் ஊரில் வாழ்வோர் அதனை ஒருமுறைக்கு இருமுறை கீழே குனிந்து பார்ப்பது நலம். 2002 இல் வந்த டபிள்யூ 211 மின்கணினியின் துணையோடு பிறேக் போடும் முறையொன்றைக் கொண்டுவந்தது. மின்சாரம், பிறேக் முதலியவற்றிலுள்ள குறைகளைத் திருத்துவதற்கென 2005 ஆம் ஆண்டிலே அந்நிறுவனம் 13 இலட்சம் வாகனங்களைத் திருப்பியழைத்தது. அடுத்த ஆண்டில் அந்தப் பிறேக் முறையே அவ்வகைக் காரிலிருந்து கைவிடப்பட்டது. பெரிய எஸ் வகைக் கார்களிலே சுருட்கம்பிக்குப் பதிலாகக் காற்றடைத்த றப்பர்ப் பைகள் உண்டு. அவை வெடித்துவிட்டால், காலையில் எழுந்து பார்க்கும்போது கார் முழந்தாளிட்ட ஒட்டகம் போலக் காட்சியளிக்கும். பி.எம்.டபிள்யூவின் புகழ் பெற்ற நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று 2007 முதல் வந்தது. அதன் நேரச் சங்கிலியை எஞ்சினின் பின்புறத்தில், கியர்ப்பெட்டியின் பக்கமாக வைத்துவிட்டார்கள். சங்கிலி தேய்ந்தாலோ எஞ்சினையோ கியர்ப்பெட்டியையோ இறக்கியே ஆகவேண்டும். சங்கிலியின் விலை சிறிது. அதனை எட்டிப் பிடிக்கும் கூலி பெரிது.

எங்கள் நாட்டிலே பழைய கார்களின் மதிப்புக்குத் தனிச் சரித்திரம் உண்டு. 1990களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் போகாதிருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயிலே ஓட்டிய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் எத்தனை நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் சுமந்தன! அந்த எளிய எஞ்சின்கள் கொடுத்ததைத் தின்று உழைத்தன. கணினியும் உணர்கருவியும் கொண்ட ஆடம்பரக் காரிடம் அந்தப் பெருந்தன்மையை எதிர்பார்க்க முடியாது. பின்னர் 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி மாதத்திலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், உள்ளதைத்தான் ஒருவருக்கொருவர் விற்று வாங்கவேண்டியிருந்தமையால், கராஜின் மூலையிலே கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டிகளும் பூச்சுப் பெற்று விளம்பரத்துக்கு வந்தன. இன்றும் சந்தையிலுள்ள பல பழைய பென்ஸ்களின் பளபளப்பு அந்தக் காலத்துப் பூச்சின் பளபளப்பே.

எனக்கு அறிமுகமான இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், வெள்ளவத்தையில் வசிப்பவர், தமது பணிக்கொடைப் பணத்தின் பெரும் பகுதியைக் கொடுத்து 2017 ஆம் ஆண்டில் 124 வகைக் கார் ஒன்றை வாங்கினார். முப்பத்தைந்து வருடம் பஸ்ஸிலே தொங்கிய மனிதர். அவருடைய ஆசையைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. முதலாண்டு இனிதே கழிந்தது. கோயிலுக்கும் கலியாண வீடுகளுக்கும் குடும்பத்தோடு போய்வந்தார். அவருடைய மனைவியார்கூட முன்னிருக்கையின் அகலத்தைப் புகழ்ந்தார். இரண்டாம் ஆண்டுச் சித்திரை வெயிலில் குளிரூட்டி நின்றது. இந்த வகைக் காரில் குளிர்விக்கும் பகுதி டாஷ்போட்டின் அடியாழத்தில் இருக்கிறது. அதனை மாற்றுவதற்கு டாஷ்போட் முழுவதையும் கழற்றவேண்டும். அது பல நாள் வேலை. கழற்றியபோது வயர்கள் நொறுங்கியிருப்பது தெரியவந்தது. அதையும் செய்தார். பிறகு எஞ்சினின் தலைப்பகுதியிலிருந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கிற்று. அப்பொழுது மகளின் பல்கலைக்கழகச் செலவும் வந்து சேர்ந்தது. மனைவியார் வீட்டுக் கணக்குக் கொப்பியைத் திறந்து, இரண்டு ஆண்டுகளில் காருக்குச் சென்ற தொகையைக் கூட்டி, ஒரு வார்த்தையும் பேசாமல் மேசைமீது வைத்தாராம். 2019 ஆம் ஆண்டின் கடைசி மாதத்தில் கார் பாதி விலைக்குப் போயிற்று. மூன்று மாதம் கழித்து இறக்குமதித் தடை வந்து, அதே கார் இரு மடங்கு விலைக்குக் கைமாறியதை அவர் விளம்பரத்திலே பார்த்தார். அந்தப் பேச்சை அவர் முன்னிலையில் நாம் எடுப்பதில்லை.

அவருடைய கார் கெட்ட கார் அன்று. அதன் வயதில் அப்படித்தான் கேட்கும். அவரிடம் இல்லாதிருந்தது, காரின் விலைக்கு அப்பால் ஒதுக்கி வைத்த பணம். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்து இத்தகைய காரை வாங்குதல் ஆகாது. விலையின் மூன்றிலொரு பங்கையாவது தனியாக வங்கியிலே போட்டு, அது முதலிரண்டு வருடத்துக்குள் போய்விடும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டே வாங்கவேண்டும் என்பது என் கட்சி. மிஞ்சினால் இலாபம். அவ்வாறு ஒதுக்க இயலாதவர் அந்தச் சிறிய ஜப்பானியக் காரையே வாங்கட்டும். அதிலே அவமானம் ஒன்றுமில்லை.

அப்படியும் வாங்குவதென்று துணிந்தவர், விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, தாம் வரும்வரை எஞ்சினை இயக்கவேண்டாம் எனக் கேட்டுக்கொள்வாராக. சென்றதும் பொனெற்றின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம். சூடாக இருந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு; குளிர்ந்த எஞ்சின் மறைக்காத நோய்களைச் சூடான எஞ்சின் மறைத்துவிடும். இயக்கியதும் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெண்புகை நீடித்து நின்று, இனிப்பான மணமும் வீசினால் குளிர்நீர் எஞ்சினுக்குள் புகுந்துள்ளது. எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதன் உட்புறத்தில் பால்தேநீர் நிறத்தில் ஏதேனும் படிந்துள்ளதா என்று பார்க்கவும். தானியங்கிக் கியராயின், பின்கியருக்கு மாற்றிய பின் எத்தனை விநாடியில் வண்டி பிடித்து இழுக்கிறது என்பதைக் கவனிக்கவும். எண்ணத் தொடங்கி மூன்றாவது எண்ணையும் தாண்டினால் வேறு காரைப் பார்ப்பது உத்தமம்.

ஓட்டமானியை நம்பவேண்டாம். அதனைத் திருப்பி வைப்பது சாமர்த்தியமான வேலையும் அன்று, அரிய வேலையும் அன்று. பிறேக் மிதியின் றப்பர் தேய்ந்து வழுவழுப்பாகி, சாரதி ஆசனத்தின் ஓரம் நைந்து, ஸ்டியரிங் வளையம் பளபளத்திருக்க, ஓட்டமானி 90,000 என்று சொல்லுமாயின் பொய் சொல்வது யார் என்பதை ஊகிக்கலாம். 1989 இன் பின் வந்த 124 கார்களின் கதவுக்குக் கீழே அழகான பிளாஸ்ரிக் பலகைகள் உண்டு. அவற்றுக்குப் பின்னே கறள் ஒளிந்திருக்கும். ஜக்கு வைக்கும் இடங்களையும் முன் மட்காட்டுகளின் அடிப்புறத்தையும் விரலால் தட்டிப் பார்க்கவேண்டும். பின்சில்லு ஒவ்வொன்றையும் ஐந்து தண்டுகள் தாங்குகின்றன. அந்த அமைப்பினாலேயே கார் வளைவுகளில் அவ்வளவு அடக்கமாகச் செல்கிறது. ஐந்து தண்டுகளின் நுனிகளிலும் றப்பர் உண்டு; நமது வெப்பத்திலும் குழிகளிலும் அவை முதலிலே கெடுகின்றன. கார் பின்புறம் வாலாட்டுவது போலத் தோன்றினால் அதுவே காரணம்.

கடதாசி விடயத்தில் கண்டிப்பாயிருத்தல் வேண்டும். எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவேயுள்ள தகட்டுச் சுவரில் பதினேழு எழுத்தும் எண்ணுமாகச் சேசிஸ் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். பதிவுப் புத்தகத்திலுள்ளதோடு அதனை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராகப் பதிவாகியிருக்கிறதா என்பதும், வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காலாவதியாகாதனவா என்பதும் பார்க்கத்தக்கன. விற்றவர் ஒருவர், கையொப்பம் மாத்திரம் இட்ட படிவம் மூன்றாமவர் ஒருவருடையது, பெயர் எழுதவேண்டிய இடம் வெறுமை என்று நம் நாட்டில் 'ஒப்பன் பேப்பர்' வியாபாரம் நடப்பதை அறிவீர்கள். அந்த முறையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நாளை ஒரு விபத்து நேர்ந்தால் காரின் சொந்தக்காரர் யார் என்பதற்கே நீதிமன்றம் ஏறவேண்டிவரும்.

வாங்கியாயிற்று. இனி உதிரிப்பாகத்துக்குக் கொழும்பிலே பஞ்சிகாவத்தை இருக்கிறது. கழற்றிய பென்ஸ்களின் கதவுகளும் விளக்குகளும் கூரைவரை அடுக்கப்பட்டிருக்கும் அந்தக் கடைகளில், பகுதி இலக்கத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போகிறவருக்கு ஒரு விலை. 'பென்ஸுக்கு ஒரு சாமான் வேண்டும்' என்று கேட்டுக்கொண்டு போகிறவருக்கு வேறொரு விலை. கண்ணாடி, கைப்பிடி, விளக்கு, ஆசனம் போன்றவற்றைப் பாவித்ததாகவே வாங்கலாம், குறைவில்லை. றப்பர், பிறேக், தண்ணீர்ப் பம்பி, எரிபொருட் குழாய் ஆகியவற்றைப் பாவித்ததாக வாங்குதல் பணத்தைக் கரியாக்கும் செயல். அவை அங்கே வரும்போதே கிழடு. மெக்கானிக் விடயத்திலோ, பளிங்குத் தரை போட்ட கராஜைவிட, அதே வகைக் கார் நாலைந்து தமது முற்றத்தில் நிற்க, அவற்றின் குணத்தை மனிதரின் குணம்போல் அறிந்து வைத்திருக்கும் ஒருவரே மேலானவர். அத்தகையோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். அவர்களைக் கோபித்துக்கொள்ளாதிருப்பது, காரைப் பராமரிப்பதில் பாதி.

எரிபொருள் இன்னொரு கணக்கு. 124 வகைப் பெற்றோல் கார் கொழும்பு நெரிசலில் லீற்றருக்கு ஏழு கிலோமீற்றர் ஓடினாலே மகிழவேண்டும். 2022 ஆம் ஆண்டில் கார் ஒன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது, சிறிய காரை வைத்திருந்தவர் ஊருக்குப் போய்வந்தார். பென்ஸ் வைத்திருந்தவர் 140 கிலோமீற்றரோடு வீட்டிலே அமர்ந்து காரைத் துடைத்தார். இக்காரணத்தால் பழைய டீசல் பென்ஸை நாடுவோர் பலர். மெதுவான வண்டி, மேட்டிலே லொறிகள்கூட முந்திச் செல்லும், ஆனால் மின்சாரப் பாகங்கள் மிகக் குறைவு, நம்பகம் மிக அதிகம். என் அபிப்பிராயம் கேட்டால் இந்தக் கூட்டத்திலே தேர்ந்தெடுக்கத்தக்கது 123 டீசலே.

அதை வாங்குபவர் ஒரு விசித்திரத்தை அறிந்துகொள்ளவேண்டும். அக்காரில் எஞ்சினை நிறுத்துவது மின்சாரம் அன்று. வெற்றிடக் குழாய்களின் மூலம் நிகழ்கிறது. எங்காவது ஒரு குழாயில் சிறு வெடிப்பு விழுந்தால், சாவியைத் திருப்பி, கையில் எடுத்து, கதவைப் பூட்டி, வீட்டுக்குள் போய் அமர்ந்த பின்னும் எஞ்சின் வெளியே ஓடிக்கொண்டிருக்கும். அயலவர் வந்து பயந்து கூப்பிடுவார்கள். அதற்கெனவே பொனெற்றுக்குக் கீழே எஞ்சினின்மேல் 'ஸ்ரொப்' என எழுதிய சிறு நெம்புகோல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதனை அழுத்தினால் நின்றுவிடும். பணத்தைக் கொடுக்குமுன் அந்த நெம்புகோல் எங்கே இருக்கிறதென்று விற்பவரைக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கே அது தெரியவில்லையானால், பொனெற்றைத் திறந்து அவர் எத்தனை வருடமாயிற்று என்பதும் அத்தோடு தெரிந்துவிடும்.